தொப்பிக்கு நூல் கொடுத்தவள்

1660ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் ஓர் ஆங்கிலக் கப்பலின் ஆட்களைக் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் படையினர் பிடித்துக்கொண்டு போனார்கள். புயலில் பாய்மரம் போய், அதைத் திருத்துவதற்காக ஒதுங்கிய கப்பல் அது. கப்பல் தலைவரும் பிடிபட்டார், அவருடைய பத்தொன்பது வயது மகனும் பிடிபட்டான். அடுத்த வருடமே தகப்பன் காய்ச்சலில் செத்துப்போனார். மகன் ஏறத்தாழ இருபது வருடம் மலைநாட்டில் கைதியாகக் கிடந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி ஓடி, ஊர் போய்ச் சேர்ந்து, 1681இல் லண்டனில் ஒரு புத்தகம் போட்டான். ரொபர்ட் நொக்ஸ். இலங்கையில் சரித்திரம் படித்த எவருக்கும் தெரிந்த பெயர்.

அந்தப் புத்தகத்தை எடுக்கிறவர்கள் அரசனைப் பற்றிய பக்கங்களைத்தான் தேடுகிறார்கள். நான் தேடுவது தொப்பி வரும் இடத்தை. கைதிகளுக்குச் சாப்பாடு கொடுப்பது கிராமத்தவர் பொறுப்பு என்பது அரச கட்டளை. உடுதுணிக்கும் கைச்செலவுக்கும் கைதிகளே வழி பார்க்க வேண்டியிருந்தது. பருத்தி நூல் வாங்கித் தொப்பி பின்னி விற்றார்கள். ஒரு தொப்பி ஆங்கிலக் காசுக்கு ஒன்பது பென்ஸ் பெறுமதிக்குப் போனது. அதற்குள் அடங்கிய நூலுக்குச் செலவு மூன்று பென்ஸ் அளவில். போகப் போகக் கைதிகள் எல்லாரும் பின்னத் தொடங்க, ஊரெங்கும் தொப்பி மலிந்து விலை விழுந்துவிட்டது. பிறகு நொக்ஸ் நெல்லை வட்டிக்குக் கொடுத்தான், பொட்டணி வியாபாரம் செய்தான். அந்த வியாபாரத்தில் ஊர் ஊராய் நடந்த நடைதான் வடக்கே தப்பிப்போகும் வழியையும் அவனுக்குக் காட்டிக்கொடுத்தது.

மூன்று பென்ஸ் நூல். அதை நூற்றது யார்? இங்கிலாந்தில் நூற்பு இயந்திரம் பரவுவதற்கு இன்னும் ஏறத்தாழ நூறு வருடம் இருந்தது. ஆகவே அந்தத் தொப்பிகளின் ஒவ்வொரு இழையும் யாரோ ஒருத்தியின் விரலுக்குள்ளால் வந்தது. தொப்பியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு அவளுடைய வேலைக்கும் பஞ்சுக்குமாகப் போயிருக்கிறது. தன் பின்னல் வேலையைப் பற்றிச் சொல்ல நொக்ஸுக்கு நிறைய இருந்தது. அவளைப் பற்றி ஒரு வரியை நான் காணவில்லை.

நான் பாண்டிருப்பில் இருக்கிறவள். மனையியல் படிப்பித்து ஓய்வு பெற்றேன். எங்கள் வீட்டிலிருந்து வடக்கே நாலு ஒழுங்கை தாண்டினால் மருதமுனை. எனக்கு இரண்டு பொழுதுபோக்கு: பஞ்சிலிருந்து கையால் நூல் நூற்பது, அந்த நூலில் தொப்பி பின்னுவது. நூற்கும் கைக்கதிரான தக்ளியை மதுரையில் ஒரு கதர்க் கடையில் வாங்கினேன். பின்னும் தொப்பிகள் மத்ரசாவுக்குப் போகும் மருதமுனைப் பிள்ளைகளின் தலைக்குப் போகின்றன. இந்தக் கரையின் துணிச் சரித்திரத்தை நான் பார்க்கும் கோணமும் அந்தத் தக்ளியிலிருந்து வந்ததுதான். மருதமுனை என்றால் சாறன், சாறன் என்றால் தறி என்று எல்லாரும் சொல்வார்கள். தறி ஓடினதும் நின்றதும் நூல் கிடைத்ததையும் கிடைக்காததையும் பொறுத்துத்தான் என்பதைச் சொல்வாரைக் காணேன்.

நூற்றுப் பார்க்காதவருக்கு அது எவ்வளவு வேலை என்று விளங்காது. எங்கள் வளவில் ஒரு பருத்திச் செடி நிற்கிறது. விளக்குத் திரிக்கென்று அம்மம்மா வைத்த செடியின் விதை வழி வந்தது. காய் வெடித்ததும் பஞ்சை எடுத்து, கொட்டையை ஒவ்வொன்றாய்ப் பிரித்து, நார்களைச் சிலுப்பி ஒரு பக்கமாய் நிறுத்தி, விரல் மொத்தத்தில் பட்டையாய் உருட்ட வேண்டும். பட்டையின் நுனியைக் கதிரின் கொக்கியில் கொளுவிக் கதிரைச் சுழற்றினால் முறுக்கு ஏறிக்கொண்டு மேலே வரும். முறுக்கு பஞ்சுக்குள் நுழைவதற்கு ஒரு கணம் முன்னால் கை இழுக்க வேண்டும். முந்தினால் இழை அறும், பிந்தினால் கட்டி விழும். பருத்தி நார் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடக் குறையத்தான் இருக்கும். அந்தக் குட்டை நார்களை முறுக்கு மட்டுமே ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கிறது. தலையணைக்கு அடைக்கிற இலவம்பஞ்சு இதற்கு ஆகாது. அதன் நார் வழுவழுப்பு, முறுக்கு நிற்காது. பிள்ளைகள் கேட்பார்கள், மரம் நிறையப் பஞ்சு இருக்க ஏன் ரீச்சர் இந்தச் செடியோடு மாரடிக்கிறீங்க என்று. இலவம்பஞ்சில் ஒரு பிடியைக் கையில் கொடுத்து முறுக்கிப் பாருங்கள் என்பேன்.

இனி ஒரு சாறனுக்குக் கணக்குப் பார்ப்போம். இரண்டு மீற்றர் நீளம், ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூடிய அகலம். சென்ரிமீற்றருக்கு 24 பாவிழை, 20 ஊடையிழை என்று வைத்தால், கிட்டத்தட்ட 10,000 மீற்றர் நூல் வேண்டும். பத்துக் கிலோமீற்றர். பாண்டிருப்பில் நூலின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு கொழும்பு வீதியால் தெற்கே நடந்தால் கல்முனை, சாய்ந்தமருது கடந்து காரைதீவையும் தாண்டிவிடலாம். நல்ல கைப்பழக்கம் உள்ள ஒருத்தி ராட்டையில் மணிக்கு 300 மீற்றர் நூற்றாலும் ஒரு சாறனின் நூலுக்கு முப்பது மணித்தியாலத்துக்கு மேல் போகும். பாவு ஓட்டித் தறியில் ஏற்றிவிட்டால் அதே சாறனை நெய்ய ஒரு பகல் காணும். ஒரு தறிக்கு நாலைந்து ராட்டை சுழன்றால்தான் சரிக்கட்டும் என்று பழைய ஆட்கள் சொன்னதன் பொருள் இதுதான். ஒரு நெசவாளிக்குப் பின்னால் நாலைந்து நூற்கிறவர்கள். சரித்திரத்தில் இருப்பதோ அந்த ஒரு நெசவாளி.

இந்தத் தீவின் எழுத்தில் நூற்பு வருகிற ஆகப் பழைய இடங்களில் ஒன்று மகாவம்சம். விசயனின் ஆள் ஒருவன் காட்டுக்குள் போய்க் குவேனியைக் கண்டபோது அவள் மரத்தடியில் இருந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தாள். ஒரு நாட்டின் தோற்றக் கதையில் முதலில் கண்ணில் படும் பெண் நூற்பவளாய் இருக்கிறாள். அந்தக் கதையைப் படிப்பித்த எந்த ஆசிரியரும் அவள் கையில் என்ன இருந்தது என்று என் வகுப்பில் கேட்டதில்லை. எதிர்க்கரையில் புறநானூற்றிலும் நற்றிணையிலும் அவளே வருகிறாள்: சின்ன விளக்கு வெளிச்சத்தில் இரவில் எழும்பிப் பருத்தி துப்புரவாக்குகிறவள், ஆண்துணை இல்லாமல் தன் உழைப்பால் நுண்ணிய நூல் நூற்கிறவள். அங்கே நூற்பு கதியில்லாத பெண்ணின் தொழில். வேறு பிழைப்பு இல்லாதவள் செய்ததனால்தான் அதற்குக் கூலியும் இல்லை, பெயரும் இல்லை.

ராட்டை பிந்தி வந்தது. குவேனியும் சங்கப் பெண்ணும் கையாண்டது கதிராய்த்தான் இருந்திருக்க வேண்டும். இந்தியாவில் ராட்டையைப் பற்றிய முந்திய எழுத்துச் சான்றுகளில் ஒன்று 1350இல் இசாமி என்ற கவிஞர் பாரசீகத்தில் எழுதிய வரலாற்றுக் காவியத்தில் இருக்கிறது. டில்லியை ஆண்ட ரஸியா சுல்தானாவைக் குறை சொல்ல வந்த இடத்தில், பெண்ணுக்கு அரியணை எதற்கு, ராட்டையோடு இருப்பதே அழகு என்கிறார் அவர். ஒரு பெண்ணைத் தாழ்த்துவதற்காக எழுதியதுதான் அவள் கருவியின் வயதை நமக்குச் சொல்லும் சான்றாக இருப்பதை நினைக்க எனக்குக் கோபம் வரும்.

பின்னலின் கதை வேறொரு பக்கத்தால் வருகிறது. இரண்டு ஊசியாலும் நாலு ஊசியாலும் பின்னுவதைக் குளிர்நாட்டு வெள்ளைக்காரரின் கம்பளி வேலை என்றுதான் மனையியல் வகுப்பில் நானும் கற்றேன், நானும் படிப்பித்தேன். உலகத்தில் எஞ்சியிருக்கும் ஆகப் பழைய உண்மையான பின்னல் துண்டுகள் எகிப்தில் கிடைத்தவை. இஸ்லாமிய ஆட்சிக் காலத்தவை, காலுறைகள், பருத்தி நூலில், வெள்ளையும் அவுரி நீலமுமாய். சிலவற்றில் கூஃபி எழுத்தின் சாயலில் அல்லாஹ்வின் பெயர் பின்னப்பட்டிருக்கிறது. அங்கிருந்து ஸ்பெயினுக்குப் போனது: 1275இல் இறந்த ஓர் இளவரசனின் கல்லறையில், புர்கோஸ் நகரத்து லாஸ் உவெல்காஸ் மடத்தில், அரபு எழுத்துப் பின்னிய தலையணை உறை கிடைத்தது. அது மெல்ல மெல்ல வடக்கே பரவி இங்கிலாந்தில் பெருந்தொழிலானது. 1571இல் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள், பிரபுக்கள் போன்ற சிலரைத் தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பளியில் பின்னிய தொப்பி போட வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். அப்படித் தொப்பி பின்னிய நாட்டின் பிள்ளைகள் கொட்டியாரத்தில் பிடிபட்டு, கம்பளி இல்லாத தீவில் பருத்தி நூலை வாங்கி ஊசியில் ஏற்றினார்கள். எகிப்தில் பருத்தியில் தொடங்கிய வேலை, கம்பளி நாடு சுற்றி, கண்டி மலையில் திரும்பவும் பருத்திக்கு வந்தது. என் தொப்பிகளை இந்த வரிசையில் வைத்துப் பார்க்கிற உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

பருத்தியில் பின்னுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தறிக்கு ஒற்றை இழை போதும். பின்னலுக்கு ஒற்றை இழை போட்டால் துணி ஒரு பக்கமாய்ச் சாயும். தொப்பி தலையில் திருகி நிற்கும். இழைக்குள் அடைபட்ட முறுக்கு அவிழப் பார்ப்பதால் வரும் கோணல் அது. இரண்டு இழையைச் சேர்த்து, நூற்ற திசைக்கு எதிர்த்திசையில் முறுக்கினால் இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். பிறகு கழியாய்ச் சுற்றி, சுடுதண்ணீரில் நனைத்து, பாரம் கட்டித் தொங்கவிட வேண்டும். கம்பளிக்கு இருக்கிற இழுபடுகிற குணம் பருத்திக்கு இல்லாததால் கை ஒரே இறுக்கத்தில் ஓட வேண்டும். நடுவில் எழும்பிப்போய்த் தேத்தண்ணி ஊற்றிவிட்டு வந்தால் அந்த வரி தெரியும். நொக்ஸும் கூட்டாளிகளும் இதையெல்லாம் தட்டுத்தடுமாறித்தான் கண்டுபிடித்திருப்பார்கள்.

நூற்கிறவளின் தொழில் போன கதை சுருக்கமானது. 1764இல் ஹார்கிரீவ்ஸ், 1769இல் ஆர்க்ரைட், 1779இல் குரொம்ப்டன் என்று இங்கிலாந்தில் மூன்று இயந்திரங்கள் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலை நூல் கப்பல் கப்பலாக இந்தக் கடலுக்கு வந்தது. கைத்தறி அதனால் உடனே சாகவில்லை. மலிவான, அறாத, ஒரே சீரான நூல் கிடைத்ததால் நெசவாளி அதை எடுத்துக்கொண்டார். செத்தது ராட்டை. ஒரு தறிக்குப் பின்னாலிருந்த அந்த நாலைந்து பேரும் ஒரு தலைமுறை இரண்டு தலைமுறைக்குள் வேலையற்றுப்போனார்கள். எதிர்க்கரையில் தூத்துக்குடியில் ஹார்வி கம்பனியின் கோரல் ஆலை நூற்றது, 1908இல் வ.உ.சிதம்பரம்பிள்ளை அதன் தொழிலாளருக்காக நின்றார். இங்கே கொழும்பில் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை நூற்றது. அங்கே 1933இல் நடந்த வேலைநிறுத்தத்தில் நின்றவர்களில் பலர் மலையாளிகள். நூற்பு வீட்டை விட்டுக் கிளம்பி, எங்கோ தூரத்தில், சங்கு ஊதும் மதிலுக்குள் போயிருந்தது.

அதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவர நினைத்தவர் காந்தி. 1925இல் அகில இந்திய நூற்போர் சங்கத்தைத் தொடங்கிய அவர், 1927 நவம்பரில் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸின் அழைப்போடு இலங்கைக்கும் வந்தார். வந்த நோக்கமே கதர் நிதி. இலங்கை மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். அந்தப் பணம் இந்தியாவின் ராட்டைகளுக்குப் போனது. அங்கே அந்த இயக்கத்துக்குள்ளிருந்துதான் தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன் பல கதிர்கள் சேர்ந்தோடும் ராட்டையைச் செய்தார். அவர் பெயரின் துண்டோடு அது அம்பர் சர்க்கா ஆனது. இலங்கையில் அந்த அளவில் ஒரு நூற்போர் இயக்கம் எழவில்லை. எழுந்திருந்தால் மருதமுனையின் பின்னாளைய கதை வேறாக இருந்திருக்கும் என்பது என் நம்பிக்கை.

ஏனென்றால் அந்தக் கதை முழுக்க நூலுக்குக் காத்திருந்த கதை. 1970இலிருந்து 1977வரை இறக்குமதி அடைபட்டிருந்த காலத்தைத்தான் மருதமுனைக்காரர் இன்றும் பொற்காலம் என்பார்கள். வெளிநாட்டுத் துணி வராது. அரச துணிக்கடையான சலுசலவில் வரிசையில் நின்று துணி வாங்கிய நாட்கள். உள்ளூர்ச் சாறனுக்கும் சேலைக்கும் அப்படி ஒரு கிராக்கி. நான் பள்ளிக்கூடப் பெட்டை. இரவு படுக்கும்போதும் மருதமுனைப் பக்கமிருந்து தறிச் சத்தம் கேட்கும். ஆனால் அந்தத் தறிகளின் நூல் நெசவாளர் சங்கத்தின் வழி, பங்கீட்டுக் கணக்கில் வந்தது. பங்கு வந்தால் தறி ஓடும், பிந்தினால் நிற்கும். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. கடைகளில் வெளிநாட்டுத் துணி குவிந்தது, மலிவு, மினுமினுப்பு. தறிகள் ஒவ்வொன்றாய்க் கழற்றப்பட்டுக் கோடிக்குள் போயின. கழற்றாதவர்கள் கேட்ட விலைக்கு நூலை வாங்கி நெய்தார்கள்.

அப்படிக் கழற்றாத ஒரு வீட்டில் ஒரு ராத்தா இருக்கிறா. எழுபது தாண்டிய வயது. மகளின் தறிக்குத் தார் சுற்றுவது, அதாவது ஊடைக் குழலில் நூல் ஏற்றுவது, அவவின் வேலை. எங்கள் கரையில் இந்துக்களிலும் முஸ்லிம்களிலும் வீடு பெண்ணுக்குச் சீதனமாய் வருவது. ஆகவே தறி நிற்கிற வளவு ஒரு பெண்ணுடையது, ராட்டை சுற்றுகிறவள் பெரும்பாலும் அவளுடைய தாய். ராத்தா நிலத்தில் காலை நீட்டி இருந்து, இடப்பக்கம் கழியை மாட்டிய பரிவட்டத்திலிருந்து நூலை இழுத்து, வலக்கையால் சக்கரத்தைச் சுற்றுவா. கதிரில் செருகிய சின்னக் குழலில் நூல் ஏறும். நிறைந்ததும் கழற்றித் தண்ணீர்ப் பேணிக்குள் போட்டுவிட்டு அடுத்த குழல். அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரு நாள்தான் உறைத்தது: பெரிய சக்கரம், ஒரு மாலைக்கயிறு, ஒரு கதிர். இது நூற்கும் ராட்டையேதான். பஞ்சை நூலாக்கிய பொறி, அந்த வேலை ஆலைக்குப் போன பிறகு, ஆலை நூலைக் குழலில் சுற்றுவதற்கு மிஞ்சி நிற்கிறது.

கேட்டு வாங்கி, குழலைக் கழற்றி, மடியில் இருந்த பட்டையைக் கதிரின் முனையில் பிடித்தேன். சக்கரத்தை மெல்ல விட்டதும் இழை ஓடி வந்தது. கை நீளத்துக்கு இழுத்து, நிமிர்த்தி, கதிரில் ஏற்றினேன். ராத்தா சுற்றுவதை விட்டுவிட்டுக் கிட்ட வந்து இழையைத் தொட்டுப் பார்த்தா.

“அல்லாஹ்வே, இந்த ராட்டு நூலும் இழுக்குமா ரீச்சர்? எங்கட உம்மாவும் தார்தான் சுத்தின, மூத்தம்மாவும் தார்தான் சுத்தின. பஞ்ச நூலாக்கிற மிசினுட வேல எண்டெல்லுவா நெனச்சிருந்த.”

“மிசின் வாறதுக்கு முன்னம் இதுதான் ராத்தா மிசின்.”

“அப்ப எங்கட மூத்தம்மாட மூத்தம்மா இழுத்திருப்பா என்ன?”

இருக்கலாம் என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஏடு இல்லை. ஆனந்த குமாரசுவாமி 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தன் பெரிய நூலைக் கையச்சில் கொண்டுவந்தபோது, சிங்கள ஊர்களின் நெசவைப் படங்களோடு பதிவு செய்தார். எங்கள் பகுதியான கரைவாகுப் பற்றின் ராட்டைக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. வலைக்கும் அதே கதைதான். நைலோன் வருமுன் இந்தக் கடலில் இறங்கிய வலைகள் பருத்தியிலும் சணலிலும் முடிந்தவை. பட்டை அவித்த சாயத்தில் தோய்த்தெடுத்தவை. நைலோன் வந்து சில வருடங்களில் அந்த நூலும் சாயமும் கரையிலிருந்து மறைந்துவிட்டன.

பிறகு வந்தவை எல்லாருக்கும் தெரிந்தவை, நீட்டி எழுத மனமில்லை. 1985இலும் 1990இலும் கல்முனைப் பக்கம் போரிலும் தமிழர்-முஸ்லிம் கலவரங்களிலும் நடந்தவற்றால் எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவிலிருந்த ஒழுங்கை எல்லைக்கோடு ஆனது; சாறன் வாங்கப் போனவர்கள் போகப் பயந்தார்கள், விற்க வந்தவர்கள் வரப் பயந்தார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் எந்த ஊர் என்று கேட்காமல் இரண்டுக்குள்ளும் வந்தது. கடலோரத்தில் தறி வைத்திருந்த வீடுகளில் மரம் உடைந்தது, பாவு சேற்றில் புதைந்தது. உதவிக்கு வந்தவர்களிடமிருந்து புதுத் தறி கிடைத்தவர்கள் உண்டு. நூல் வாங்க முதல் இல்லாத வீடுகளில் அந்தத் தறி சும்மா நின்றதை நான் கண்ணால் கண்டேன். 2022இல் டொலர் இல்லாமல் நாடு திண்டாடியபோது நூல் விலையும் சாய விலையும் ஏறி, ராத்தாவின் மகள் வீட்டில் கொஞ்சக் காலம் தறி நின்றது. ராத்தா அப்போது சொன்னது ஒரே வசனம்: “நூலில்லாட்டி நாங்க என்னத்தச் சுத்துற புள்ள?”

கையால் நூற்று மருதமுனைத் தறிகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. முப்பது மணித்தியாலக் கணக்கு அதற்கு இடம் தராது. நான் நூற்பது தொப்பிக்கு மட்டும் காணும். ஆனால் மருதமுனை நெசவைப் பற்றி எழுதுகிறவர்களிடம் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். புலவர்மணி ஷரிபுத்தீனையும் மருதூர்க்கொத்தனையும் தந்த ஊர் அது. எழுத்துக்குப் பஞ்சமில்லாத ஊர். நெசவாளரும் முதலாளிமாரும் சங்கத் தலைவர்மாரும் பெயரோடு பேசப்படுகிறார்கள். தார் சுற்றினவர்களின் பெயரை நான் எங்கும் வாசிக்கவில்லை.

அதனால் ஒரு கொப்பி போட்டிருக்கிறேன். ராத்தாவின் வீட்டில் தொடங்கி, அவ கை காட்டும் வீடுகளுக்குப் போகிறேன். ஒவ்வொருவரிடமும் கேட்பது இவைதான்: பெயர், யாரிடம் சுற்றப் பழகினீர்கள், எந்த நம்பர் நூல், கூலி காசாகவா துணியாகவா, ராட்டை யார் செய்தது, இப்போது எங்கே. சில வீடுகளில் ராட்டையை விறகாக்கிவிட்டார்கள், அதையும் எழுதுகிறேன். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் நின்று கேட்கிறார்கள். ஒரு பெட்டைக்குத் தக்ளி பிடிக்கக் காட்டிக்கொடுத்திருக்கிறேன், இழை இன்னும் கட்டி கட்டியாய்த்தான் வருகிறது. உங்கள் வீட்டில் உம்மாவோ மூத்தம்மாவோ தார் சுற்றியவர் என்றால் அவர் பெயரை எனக்குச் சொல்லிவிடுங்கள். கொப்பியில் இடம் இருக்கிறது.